உணவுச் சந்தை நடக்காத வருடம்

பாடசாலையில் நிதி திரட்டுவதென்றால் எங்கள் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது உணவுச் சந்தைதான். வகுப்புக்கொரு மேசை, வீட்டிலிருந்து வரும் ரோல்ஸ், பெட்டிஸ், வட்டிலப்பம், ஒரு மூலையில் சர்பத். 2022 இல் நான் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டு மாணவர் மன்றத்தின் பொருளாளராக இருந்தேன். நாங்களும் அதையே திட்டமிட்டோம். நாட்கூலி இல்லாமற்போன குடும்பங்களிலிருந்து வரும் ஆறாம், ஏழாம் வகுப்புத் தங்கைமாருக்கு அப்பியாசக் கொப்பிகள் வாங்கிக் கொடுப்பதே நோக்கம். ஜூன் கடைசிக் கிழமையில் சந்தை என்று திகதியும் வைத்தாயிற்று.

சந்தை நடக்கவில்லை. கொப்பிகள் மட்டும் போய்ச் சேர்ந்தன. இடையில் செய்த வேலைகளை விளக்கி எழுதினால், பின்னால் வரும் தங்கைமாருக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

அந்த வருடம் எப்படி இருந்தது என்று பெற்றோருக்குச் சொல்லத் தேவையில்லை. மார்ச்சில் ரூபாவின் பெறுமதி சரிந்தது. 400 கிராம் பால்மா 790 ரூபாவானது. ஏப்ரல் கடைசியில் 12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் 2,675 ரூபாவிலிருந்து 4,860 ரூபாவுக்குப் போனது. அந்த விலைக்கும் கிடைக்காமல் வீதியோரங்களில் சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. பெருநாள் முடிந்து இரண்டு வாரத்தில் நாங்கள் கூடியபோது ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, “ராத்தா, எங்கட வீட்ட கேஸ் இல்ல. உம்மா விறகுலதான் சமைக்கிறாங்க. ரோல்ஸ் எப்படிப் பொரிக்கிற?” என்று கேட்டாள். யாரிடமும் பதில் இல்லை.

அன்றுதான் உணவுச் சந்தையின் கணக்கைச் சரியாகப் பார்த்தோம். சந்தையில் விற்ற தொகை முழுவதையும் வருமானம் என்று எழுதுவது வழக்கம். மாவும் எண்ணெயும் எரிவாயுவும் உம்மாமாரின் வேலையும் அந்தக் கணக்கில் வருவதில்லை. உண்மையில் அந்தக் காசின் பெரும்பகுதி பெற்றோரின் குசினியிலிருந்து வருகிறது. விலை மலிவான காலத்தில் அது பெரிய சுமையில்லை. அந்த வருடமோ, யாருக்கு உதவ நினைத்தோமோ அவர்களுடைய வீடுகளிலிருந்தும் பலகாரம் கேட்டிருப்போம். வணிகக் கல்வி படிக்கும் ஒருத்தி இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியதும் சந்தையைக் கைவிட எல்லோரும் சம்மதித்தார்கள்.

ஆனால் அதற்குள் 160 டிக்கட் விற்றிருந்தோம். ஒன்று 150 ரூபா. கையில் 24,000 ரூபா இருந்தது. “நல்ல காரியத்துக்குத்தானே தந்தார்கள், வைத்துக்கொள்வோம்” என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டிக்கட் வாங்கியவர் சாப்பாட்டுக்காகக் காசு தந்தவர். அது நன்கொடையாக மாறுவதென்றால் அவர் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை அது எங்களிடம் இருக்கும் அமானிதம். ஆகவே பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் கேட்டோம்: காசைத் திருப்பி எடுக்கிறீர்களா, கொப்பிக்காக விடுகிறீர்களா? 31 டிக்கட்டுக்கு 4,650 ரூபா திருப்பிக் கொடுத்தோம். யார் திருப்பி எடுத்தார்கள் என்பது என்னையும் பொறுப்பாசிரியையையும் தவிர வேறு எவருக்கும் தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும். மீதி 19,350 ரூபா கொப்பிக்கு வந்தது.

இன்னொரு சிக்கல், ஒரு தங்கையின் வாப்பா தந்திருந்த உறை. அதன்மேல் ‘ஸகாத்’ என்று எழுதியிருந்தது. ஸகாத்தைப் பெறக்கூடிய எட்டுக் கூட்டத்தினரை ஸூரா தவ்பாவின் 60ஆவது வசனம் குறிப்பிடுகிறது. ஸதகாவைப் போல விரும்பிய பொதுத்தேவைக்கு அதை எடுக்க முடியாது. இஸ்லாம் பாட ஆசிரியையிடம் கேட்டு அந்த உறையைத் தனியாக வைத்தோம். நூல், பசை போன்ற பொதுச் செலவுக்கு அதிலிருந்து ஒரு சதமும் எடுக்கவில்லை. தகுதியான குடும்பங்களுக்கு அப்படியே கொடுத்தோம். நிதி திரட்டுபவர்கள் முதல் நாளிலேயே இரண்டு உறை வைத்திருப்பது நல்லது.

அடுத்த யோசனை பத்தாம் வகுப்பிலிருந்து வந்தது. எங்களுக்குத் தேவை காசா, கொப்பியா? கொப்பிதான். கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்ட வருடம் அது. ஆனால் எல்லோர் வீட்டிலும் முந்திய வருடக் கொப்பிகளில் பாதிப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அவற்றைச் சேர்த்துத் தைத்தால் புதுக் கொப்பி.

தைக்கும் முறை இலகுவானது. கொப்பியின் நடுவிலிருந்து எழுதாத தாள்களைக் கழற்றி, ஒரே அளவானவற்றை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து வைக்க வேண்டும். மடிப்பில் மூன்று துளை. ஊசி நடுத்துளையால் வெளியே வந்து, மேல்துளையால் உள்ளே போய், கீழ்த்துளையால் வெளியே வந்து, மறுபடி நடுத்துளையால் உள்ளே வரும். அங்கே முடிச்சுப் போட்டால் போதும். அட்டைக்குப் பழைய நாட்காட்டி. நாட்காட்டிப் படம் உள்பக்கம் வரவேண்டும் என்பதில் தங்கைமார் மிகக் கண்டிப்பாக இருந்தார்கள்!

இதைத் தொடங்கும்போது எரிபொருள் தீர்ந்தது. கொழும்பு நகரப் பாடசாலைகள் ஜூன் 20 முதல் மூடப்பட்டன. வகுப்புவாரியாகப் பிரித்த குழுக்கள் பயனற்றுப் போயின. ஒரே வகுப்பில் இருப்பவர்கள் ஒருத்தி வெள்ளவத்தையில், ஒருத்தி தெமட்டகொடையில். பஸ் இல்லாமல் எப்படிச் சேர்வது? ஆகவே நடந்துபோகும் தூரத்தைக் கொண்டு குழுக்களை மாற்றினோம். ஒரே ஒழுங்கையில் வசிக்கும் ஆறாம் வகுப்புத் தங்கையும் உயர்தர ராத்தாவும் ஒரு குழுவானார்கள். வகுப்புக் குழுக்களைவிட இவை நன்றாக வேலை செய்தன என்பது என் அபிப்பிராயம். சின்னவர்கள் வீடுவீடாகப் பழைய கொப்பி சேர்த்தார்கள், பெரியவர்கள் தைத்தார்கள். உம்மம்மாமார் சிலர் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு தாங்களே தைத்ததும் உண்டு.

எல்லாம் சுமுகமாக நடந்ததாகச் சொல்ல மாட்டேன். சமையல் குழுவுக்குப் பொறுப்பாக இருந்தவள் இரண்டு கிழமை எங்களோடு பேசவில்லை. ஒரு மாதமாக அவள் போட்ட பட்டியல், மேசை ஒழுங்கு எல்லாம் ஒரே கூட்டத்தில் வீணாகியிருந்தன. திட்டத்தை மாற்றுபவர்களின் கண்ணில் இது இலகுவில் படுவதில்லை. ‘ஏதாவது உதவி செய்’ என்று பொதுவாகச் சொன்னபோது அவள் வரவில்லை. எந்த வீட்டில் எத்தனை தாள் இருக்கிறது, யாருக்கு எத்தனை கொப்பி தேவை என்ற முழுப் பட்டியலையும் அவள் கையில் கொடுத்தபோது வந்தாள். பட்டியல் போடுவதில் அவளுக்கு நிகர் யாருமில்லை.

ஜூலை 25 இல் பாடசாலை வாரத்தில் மூன்று நாட்களுக்குத் திறந்தபோது 214 தைத்த கொப்பிகள் சேர்ந்திருந்தன. டிக்கட் காசில் புதுக் கொப்பிகளும் வாங்கினோம். பெறுபவர்களைக் கூட்டத்தில் பெயர் சொல்லி அழைக்காமல், வகுப்பாசிரியைகள் மூலம் பைகளில் கொடுத்தோம். படம் எடுக்கவில்லை.

கணக்குத் தாளை அறிவித்தல் பலகையில் ஒட்டினோம். மீதியாக வந்த 640 ரூபா, ‘கொப்பிக்கு மட்டும்’ என்று மேலே எழுதிய உறையில் அடுத்த வருடப் பொருளாளரிடம் கையளிக்கப்பட்டது.