ஸஹர் நேரத்து அடுப்பும் அழுத்தமும்



ரமளான் நெருங்குகிறது. இனி ஒரு மாதம் பின்னிரவிலேயே நம் வீடுகளில் அடுப்பு எரியும். தூக்கக் கலக்கம் ஒருபுறம், பாங்குக்கு முன் முடிக்க வேண்டிய அவசரம் மறுபுறம். குக்கரிலும் கேஸ் சிலிண்டரிலும் கவனம் தவறுவது இந்த நேரத்தில்தான். "செய்யாதீர்கள்" என்று மட்டும் சொன்னால் மறந்துபோகும். காரணம் தெரிந்தால் மனதில் நிற்கும் என்பதால் இதை எழுதுகிறோம்.

அழுத்தம் என்பது ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தின் மேல் விழும் விசை. நம்மைச் சூழ்ந்த காற்றே ஏறக்குறைய 1 கிலோ எடை அளவுக்கு அழுத்துகிறது. உடலுக்கு உள்ளும் புறமும் சமமாக இருப்பதால் நாம் உணர்வதில்லை. காற்றுக்கும் எடை உண்டு என்பதை மர்வு நகரத்து அறிஞர் அல்-காஸினீ 1121-ஆம் ஆண்டிலேயே 'மீஸானுல் ஹிக்மா' என்ற நூலில் எழுதிவைத்தார். தண்ணீரிலோ, ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடும். 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு 1 கிலோ. மாடித் தொட்டியின் தண்ணீர் மேல்வீட்டுக் குழாயைவிடக் கீழ்வீட்டுக் குழாயில் வேகமாக வருவது அதனால்தான்.

முதலில் குக்கர். வெயிட் நீராவியை அடைத்து வைப்பதால், உள்ளே வெளிக்காற்றைவிட 1 கிலோ அழுத்தம் கூடுகிறது. அப்போது தண்ணீர் 100 டிகிரிக்குப் பதிலாக 120 டிகிரி அளவில் கொதிக்கும். பருப்பு சீக்கிரம் வேகும். ஆனால் 20 சென்டிமீட்டர் அகல மூடியை உள்ளிருந்து தள்ளும் விசை எவ்வளவு? சுமார் 300 கிலோ! நான்கைந்து பெரியவர்களின் எடை. ஆவி அடங்குமுன் மூடியை நெம்பித் திறப்பவர் முகத்தில் பாய்வது அந்த விசைதான். பருப்பு நுரை ஆவிக்குழாயை அடைத்துக்கொண்டால் அழுத்தம் இன்னும் ஏறும். எனவே ஒவ்வொரு முறையும் குழாயை வெளிச்சத்தில் பிடித்து, துளை தெரிகிறதா என்று பாருங்கள். சேஃப்டி வால்வு கெட்டால் அதே கம்பெனி வால்வையே போடுங்கள்.

அடுத்து சிலிண்டர். 14.2 கிலோ சிலிண்டருக்குள் எரிவாயு திரவமாக இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் உள்ளழுத்தம் 5 கிலோவுக்கு மேல். ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் சுமார் 190 அடி. அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அடியில் இருக்கும் அழுத்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதை ரெகுலேட்டர் 30 கிராமாக, அதாவது ஓரடித் தண்ணீரின் அழுத்தமாகக் குறைத்து அடுப்புக்கு அனுப்புகிறது.

இந்த அழுத்தம் மீதமுள்ள அளவைப் பொறுத்ததல்ல, சூட்டைப் பொறுத்தது. திரவம் கொஞ்சம் இருந்தாலும் அழுத்தம் அப்படியேதான் இருக்கும். கடைசி கேஸுக்காகச் சிலிண்டரை வெந்நீரில் வைப்பதும் படுக்க வைப்பதும் ஆபத்து. வெந்நீரில் அழுத்தம் எகிறும். படுக்க வைத்தால் திரவமே வெளியே வரும். அது சுமார் 250 மடங்கு வாயுவாக விரியும்.

கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். வாடை வந்தால் ஸ்விட்சைத் தொடாதீர்கள், தீக்குச்சி கிழிக்காதீர்கள். ரெகுலேட்டரை மூடிக் கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள். 2022 செப்டம்பரில் நம் மாவட்டத்துத் தேவரியம்பாக்கம் சிலிண்டர் கிடங்குத் தீ உயிர்களைப் பறித்ததை நாம் மறக்கலாகாது.

அடுப்புக்குச் செல்லும் டியூபை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வசதியில்லாத குடும்பத்தார் ஜுமுஆவுக்குப் பின் நம் அலுவலகத்தில் சொல்லுங்கள். பெயர் வெளியே வராது.

தூங்கப் போகுமுன் வீட்டில் நெருப்பை எரியவிடக் கூடாதென நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஸஹர் முடித்துப் படுக்குமுன் ரெகுலேட்டரை மூடுவதும் அந்த வழிகாட்டுதலைப் பின்பற்றுவதே. அல்லாஹ் நம் இல்லங்களைப் பாதுகாப்பானாக. ஆமீன்.