செக்கும் சக்கரமும்

"சைக்கிள்தானே!" என்று உதட்டைப் பிதுக்குவோரை இன்று எங்கும் காண்கிறோம். பெண் கேட்டு வருகிறவர் எந்த வண்டியில் வந்தார் என்பதுதான் முதல் கேள்வி. சைக்கிள் என்றால் பேச்சின் சுருதி இறங்கிவிடுகிறது. கடன் வாங்கியாவது மோட்டார் சைக்கிள் வாங்கு, பெட்ரோலுக்குக் கூலியிலே பாதியைக் கொட்டு, மாதம் பிறந்தால் தவணைக்காரனுக்கு ஒளிந்து திரி. அப்போதுதான் நீ மனிதன் என்று சொல்லாமற் சொல்கிறது இன்றைய சந்தை. உழைப்பவன் சைக்கிளில் வந்தால் ஏழ்மை. அதே சைக்கிளில் செல்வர் வந்தால் உடற்பயிற்சி! இந்த விந்தையைத்தான் இன்று பேச வந்தோம்.

காரைக்குடி செக்காலையில் விடியற்காலையில் நின்று பாருங்கள். இருவகைச் சைக்கிள்களைக் காணலாம். ஒருவகை, பால் கேன் தொங்குவது. நாளிதழ்க் கட்டு சுமப்பது. கொத்தனாரின் கரண்டியும் மட்டக்கோலும் கேரியரில் கட்டியது. கறுப்பு வண்ணம், 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், நெடிய பார். இன்னொரு வகை, தலைக்கவசமும் ஒட்டிய உடையும் அணிந்தவர்கள் ஓட்டுவது. பல கியர்கள், எடையோ ஒரு கையால் தூக்கலாம். அந்த இனத்திலே கார்பன் இழையால் செய்தது லட்ச ரூபாயையும் தாண்டுகிறது.

இரண்டாம் வகையாரைத்தான் "சைக்கிள் ஆர்வலர்" என்கிறார்கள். அவர்களை நாம் பழிக்கவில்லை. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் கடக்க வேண்டும் என்று விதி வைத்து, இரவும் பகலும் ஓட்டுகிற நெடுந்தூர ஓட்டங்கள் நம் நாட்டிலும் நடக்கின்றன. பரிசுப் பணம் கிடையாது. முடித்தோம் என்ற மனநிறைவுதான். அந்த உறுதியை வாழ்த்துகிறோம். ஆனால் கேட்கிறோம்: புதுவயல் அரிசி ஆலைக்கும், கோட்டையூர்க் கட்டட வேலைக்கும் நாள்தோறும் மிதித்துப்போய், எட்டு மணி நேரம் உழைத்து, மீண்டும் மிதித்து வீடு திரும்புகிறவர் ஆர்வலர் இல்லையா?

அவருடைய ஆர்வத்தைக் காண வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியிருப்பார். தேங்காய் எண்ணெய் தொட்டு ரிம்மைத் துடைப்பார். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். பால்ரஸ் குண்டு ஒன்று தேய்ந்திருந்தாலும் ஓசையிலேயே தெரியும் அவருக்கு. அச்சிலே வண்ணக் குஞ்சம், மட்கார்டிலே தலைவர் படம், ஹேண்டில்பாரிலே சின்னக் கொடி. மகனுக்குக் கூட இரவல் தரமாட்டார்! பெற்ற பிள்ளையைப் போல் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தச் சொல் மிகையில்லை; பிள்ளைகளுக்குச் சோறு போட்டதே அந்தச் சைக்கிள்தான்.

அந்தச் சைக்கிளுக்கும் செட்டிநாட்டு மண்ணுக்கும் உள்ள உறவு நம்மில் பலருக்குத் தெரியாது. சென்னைக்கு அருகே அம்பத்தூரிலே ஹெர்குலஸ் சைக்கிள் செய்யத் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949இல் பிறந்தது. இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு கூட்டுச் சேர்ந்து அதை நிறுவியவர்கள் முருகப்பா குழுமத்தார். அவர்களுடைய பூர்வீகம் பள்ளத்தூர். செக்காலையிலிருந்து சைக்கிள் மிதித்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் ஊர்! அதுவரை சைக்கிள் என்றால் பெரும்பாலும் கப்பலில் வந்திறங்கிய சீமைப் பொருள். ராலே என்றும் ஹம்பர் என்றும் பெயர் சொல்லி வசதியுள்ளவர்கள் பெருமை பேசிய காலம் அது. பின்னர் சோனிப்பட்டில் 1951இல் அட்லஸ், லூதியானாவில் 1956இல் ஹீரோ என்று ஆலைகள் எழுந்தன. உள்நாட்டிலே செய்யத் தொடங்கிய பிறகுதான் அது தொழிலாளியின் கைக்கு எட்டியது. முதல் போட்டவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. குழாயை வளைத்தவன், கம்பி கோத்தவன், சாயம் பூசியவன் பெயர் எங்கே இருக்கிறது? நாம் அவர்களையும் நினைக்கிறோம்.

காரைக்குடிக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தந்ததால் இங்கே அமைந்தது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார்; 1953இல் திறப்பு விழா. மின்முலாம் பூசுவது, துருவைத் தடுப்பது ஆகியவை அந்நிலையத்தின் ஆராய்ச்சித் துறைகள். சைக்கிளின் ஹேண்டில்பாரிலே முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கிறதே, அதுதான் மின்முலாம். அந்தப் பளபளப்பை அரித்துத் தின்கிறதே, அதுதான் துரு. விஞ்ஞானி ஆய்வுக்கூடத்தில் துருவோடு போராடுகிறார். நம் தோழர் தெருவோரத்தில் எண்ணெய்த் துணியோடு போராடுகிறார். பகை ஒன்றே!

சைக்கிளின் சூட்சுமம்தான் என்ன? முன்னே 44 பல் கொண்ட சக்கரம். பின்னே 18 பல் கொண்ட ஃப்ரீவீல். இடையே ஒரு செயின். பெடல் ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரை முறை சுற்றுகிறது. மனிதன் ஐந்து மீட்டருக்கு மேல் முன்னேறுகிறான். நடப்பதற்குச் செலவாகும் அதே ஆற்றலைக் கொண்டு மூன்று மடங்கு தூரம் போகலாம். பெட்ரோல் கேட்காது, புல் கேட்காது, புகை கக்காது. செக்காலை என்ற பெயரிலேயே செக்கு இருக்கிறது. செக்கும் சுற்றுகிறது, சைக்கிள் சக்கரமும் சுற்றுகிறது. ஆனால் செக்குமாடு நாளெல்லாம் நடந்தாலும் நின்ற இடத்தை விட்டு நகர்வதில்லை. சைக்கிள் ஏறியவனோ சுற்றச் சுற்ற நகர்கிறான். உள்ளூர்ப் பண்ணையார் கொடுத்த கூலியே கூலி என்று கிடந்தவன், பத்துக் கல் தொலைவிலே நல்ல கூலி கிடைக்கும் என்று அறிந்து, போய், வாங்கி, பொழுது சாய வீடு திரும்ப முடிந்ததே, எதனால்? சக்கரத்தால்!

இந்த உண்மையை மேலைநாட்டுத் தொழிலாளர்கள் நமக்கு முன்பே கண்டார்கள். சைக்கிள் முதலிலே பணக்காரர் விளையாட்டுப் பொருள். 1885இல் இங்கிலாந்தில் இரு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவான, செயின் பூட்டிய சைக்கிள் வந்தது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். பின்பு விலை இறங்கியது. ஆலைத் தொழிலாளி ஏறினான். ஏறியவன் சும்மா இருந்தானா? 1894இல் பர்மிங்ஹாமில் 'கிளாரியன்' என்ற சோஷலிஸ்டு வார ஏட்டின் பெயரால் சைக்கிள் சங்கம் கண்டான். ஞாயிறு தோறும் கிராமம் கிராமமாகப் போய் ஏட்டை விற்றான்; துண்டறிக்கை கொடுத்தான்; மரத்தடியிலே கூட்டம் போட்டான். ஜெர்மனியில் 1896இல் 'ஒற்றுமை' என்ற பெயரில் தொழிலாளர் சைக்கிள் சங்கம் எழுந்தது. அதன் உறுப்பினர் தொகை லட்சத்தைத் தாண்டியது. தங்களுக்கென்று கூட்டுறவுச் சைக்கிள் ஆலையே வைத்திருந்தார்கள்! 1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்ததும் அதைக் கலைத்தான். சர்வாதிகாரிக்குச் சைக்கிள் மேலே என்ன கோபம்? சைக்கிள் மேலே இல்லை, தோழர்களே; அதிலே ஏறியவன் நான்கு ஊர் போவான், நான்கு பேரோடு பேசுவான் என்பதிலேதான் கோபம்.

நம் இயக்கம் வளர்ந்த கதையும் அதுதானே! 1949இல் கழகம் கண்டபோது நம் தோழர்களிடம் காரா இருந்தது? ஹேண்டில்பாரிலே பசை வாளி, கேரியரிலே சுவரொட்டிக் கட்டு, பாரிலே ஒரு தோழர். விளக்கில்லை, டபுள்ஸ் போகிறாய் என்று காவலர் பிடித்தால் அபராதம். அதையும் கட்டிவிட்டு அடுத்த ஊர்ப் படிப்பகத்துக்கு ஏடு கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1967இல் கோட்டையிலே ஏறிய கொடி, அதற்கு முன் எத்தனை சைக்கிள்களில் பறந்த கொடி!

ஆட்சிக்கு வந்த பிறகு சக்கரத்தின் கடனை மறக்கவில்லை. மனிதனை மனிதன் இழுத்த கைரிக்‌ஷாவை 1973இல் கலைஞர் அரசு ஒழித்தது. இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. குதிரையாக நின்றவனை ஓட்டுநராக உட்கார வைத்த செயல் அது. மாற்றாரின் நற்செயலைச் சொல்லவும் நமக்குத் தயக்கமில்லை. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கி, பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்த விலையில்லாச் சைக்கிள் திட்டம், ஆட்சிகள் மாறியும் தொடர்ந்தது. பத்தாம் வகுப்போடு நின்றிருக்க வேண்டிய எத்தனையோ பெண்கள் அதனால் மேல்நிலைப் பள்ளிக்குப் போனார்கள்.

பெண்கள் என்றதும் புதுக்கோட்டையைச் சொல்லாமல் இருக்க முடியுமா? நம் காரைக்குடியிலிருந்து 40 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் ஊர். 1991இல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு புகட்டப் புறப்பட்டது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளும் கற்கட்டும் என்றார். கல்லுடைக்கும் பெண்கள், வயலிலே குனிந்த பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர், செவிலியர் எல்லாரும் சைக்கிள் பிடித்தார்கள். ஊர் சும்மா இருக்குமா? சிரித்தது, பழித்தது, "பொம்பளைக்கு என்ன சைக்கிள்" என்றது. அவர்கள் விழுந்தார்கள், எழுந்தார்கள், ஓட்டினார்கள். 1992 மகளிர் நாளில் ஹேண்டில்பாரிலே கொடி கட்டி, மணியை ஒலித்துக்கொண்டு 1,500 பெண்கள் புதுக்கோட்டையை வலம் வந்தபோது சிரித்த வாயெல்லாம் மூடின. லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் அந்த மாவட்டத்தில் சைக்கிள் கற்றதாக பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. அதனால் என்ன? ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளே மேல், பாரிலே குழந்தையை உட்கார வைக்கலாம் என்றார்களாம் அந்தத் தாய்மார்கள்! பஸ்ஸுக்காகவும், கொண்டுபோய் விடும் ஆண்பிள்ளைக்காகவும் காத்திருந்த அடிமைத்தனம், இரு சக்கரத்தின் கீழே நசுங்கியது.

இத்தகைய சைக்கிளுக்கு இன்று நேர்ந்திருப்பது என்ன? 2011 மக்கள் தொகைக் கணக்குப்படி நாட்டிலே நூற்றுக்கு 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. ஆனால் சாலை போடுகிறவர் கணக்கிலே அது இல்லை! சாலையை அகலப்படுத்துகிறார்கள், அகலம் முழுவதும் காருக்கு. ஓரத்திலே மண் சரிந்து கிடக்கும், இல்லையேல் கடையும் காரும் நிற்கும். நடுவே வந்தால் லாரிக்காரன் வாயில் வராத சொல் இல்லை. 2022இல் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். அவர்களுள் சைக்கிளில் போனவர்கள் மட்டும் நாலாயிரத்துக்கு மேல். இரவு வேலை முடிந்து விளக்கில்லாத வண்டியில் திரும்பும் கூலித் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். அவன் வீட்டிலே சோற்றை மூடி வைத்துக் காத்திருப்பவளை எண்ணிப் பாருங்கள்.

வரியிலாவது இரக்கம் காட்டினார்களா? 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது ஏழையின் சைக்கிளுக்கு 12 விழுக்காடு. எட்டு ஆண்டுகள் வாங்கித் தீர்த்த பிறகு, 2025 செப்டம்பரில்தான் 5 விழுக்காடாக்கினார்கள். குறைத்ததை வரவேற்கிறோம், எட்டு ஆண்டு வாங்கியதை மறக்கமாட்டோம்.

சைக்கிள் கடைக்காரரையும் சற்று நினைப்போம். மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட்டு, குரங்குப் பெடல் போட்ட சிறுவர்களை ஓட்டுநராக்கியவர் அவர். ரிம்மைச் சுழலவிட்டு, கம்பியைத் திருகித் திருகிக் கோட்டம் எடுக்கும்போது அவர் கண்ணைப் பாருங்கள், பொற்கொல்லர் தோற்பார். ஒரு வண்டியை முழுக்கப் பிரித்து ஓவராயில் செய்து தந்தால் பழையது புதியதாகும். அந்தக் கலைஞர் இன்று மோட்டார் வண்டி பஞ்சருக்காகக் காத்திருக்கிறார். விலையில்லாச் சைக்கிளோ வீட்டு மூலையில் ஒரு கம்பி அறுந்ததற்காகத் துருப்பிடித்துக் கிடக்கிறது! ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் மாதம் ஒருநாள் இவரைக் கூலி கொடுத்து அழைத்து வண்டிகளைச் செப்பனிடச் செய்தால் என்ன? மாணவர்க்கும் வண்டி ஓடும். இவர் வீட்டிலும் அடுப்பு எரியும்.

2024இல் காரைக்குடி மாநகராட்சியாகிவிட்டது. மாநகரம் என்றால் மாளிகை மட்டும்தானா? செக்காலையிலிருந்து கல்லூரிகளுக்கும் பஸ் நிலையத்துக்கும் போகும் சாலைகளில் சைக்கிளுக்கென்று ஓரம் வேண்டும். அதில் கார் நிற்கக்கூடாது. பஸ் நிலையத்திலே சைக்கிள் நிறுத்த நிழலும் பூட்டும் வேண்டும். தெருவிளக்கு எரிய வேண்டும். கோடிகள் தேவையில்லை, மனம்தான் தேவை. இதைக் கேட்க, விடியற்காலை ஓட்டும் செல்வ நண்பர்களையும் அழைக்கிறோம். உங்கள் வண்டி லட்சம், இவர் வண்டி சில ஆயிரம். லாரி மோதினால் இரண்டும் ஒன்றுதான். உங்கள் சொல் அலுவலகத்தில் ஏறும். இவர்கள் தொகை தெருவிலே தெரியும். இரண்டும் சேரட்டும்.

அரசைக் கேட்டால் மட்டும் போதுமா? நமக்கும் வேலை உண்டு. கிளைக் கழகத் தோழர்களே, உங்கள் தெருவிலே சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒவ்வொரு வண்டியின் பின் மட்கார்டிலும் ஒளி பட்டால் மின்னும் சிவப்புத் தாள் ஒரு துண்டு ஒட்டுங்கள். ஒரு சுவரொட்டி அச்சடிக்கும் செலவுகூட ஆகாது. தலைவர் பிறந்தநாளுக்கு வானத்தை நோக்கிப் பட்டாசு விடுவதைவிட, இருட்டிலே வரும் ஒரு தொழிலாளியின் முதுகுக்குப் பின்னே அந்தச் சிவப்பு ஒளி மின்னட்டும். அவர் வீடு போய்ச் சேரட்டும்.