பேஸ் கிட்டாரும் மூன்றாவது பின்னும்

தியாகராய நகரில் ஒரு கல்யாண மண்டபம். மாலை வரவேற்பு நடக்கிறது. மாடியில் மெல்லிசைக் குழுவினர் பாடிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் கீழ்த்தளத்தில் பந்தியில் அமர்ந்திருக்கிறீர்கள். பாடகரின் குரல் உங்களுக்குக் கேட்கவில்லை, கீபோர்டும் கேட்கவில்லை. ஆனால் 'தும்... தும்...' என்று ஓர் ஒலி மட்டும் சுவர்களைத் தாண்டி வந்து, இலை ஓரத்துத் தம்ளரில் உள்ள தண்ணீரை நடுங்க வைக்கிறது.

மறுநாள் உங்கள் அத்தை மகன் கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டுகிறான். இப்போது பாட்டு தெளிவாகக் கேட்கிறது. அந்தத் 'தும்' மட்டும் காணாமல் போய்விட்டது! சுவரைத் தாண்டி வந்த ஒலி, கைக்குள் அடங்கும் கருவியிலிருந்து ஏன் வெளிவரவில்லை?

அந்த ஒலிக்குச் சொந்தக்காரர் மேடையின் பின்வரிசையில், டிரம்ஸுக்குப் பக்கத்தில், நான்கு தந்திகள் கொண்ட கிட்டாருடன் நிற்பவர். அவருடைய கருவியின் பெயர் பேஸ் கிட்டார். இளையராஜாவின் பாடல்களில் சசிதரனும், ஏ.ஆர். ரகுமானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸும் வாசித்த கருவி இதுதான். பாட்டைக் கேட்கும்போது நாம் இதைத் தனியாகக் கவனிப்பதில்லை. இதை எடுத்துவிட்டாலோ பாட்டு கால் ஊன்றாமல் நிற்கிறது.

நீங்களும் நண்பர்களும் சேர்ந்து ஒரு குழு தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எதை வாங்குவது? மேடையில் எங்கே நிற்பது? எதைச் செய்யவே கூடாது? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது. மூன்றாவது கேள்வியின் விடை உயிரைக் காப்பது.

தடித்த தந்தி எதற்கு?

சாதாரணக் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி விநாடிக்குச் சுமார் 82 முறை அதிர்கிறது. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி அதில் பாதி, அதாவது சுமார் 41 ஹெர்ட்ஸ். மற்ற மூன்று தந்திகளின் அதிர்வெண்கள் 55, 73, 98 ஹெர்ட்ஸ்.

தந்தியின் அதிர்வெண்ணைப் பாதியாக்க மூன்று வழிகள் உண்டு. நீளத்தை இரு மடங்காக்கலாம். இழுவிசையைக் கால் பங்காகக் குறைக்கலாம். அல்லது ஒரு மீட்டர் தந்தியின் நிறையை நான்கு மடங்காக்கலாம். நீளத்தை இரு மடங்காக்கினால் கை எட்டாது. இழுவிசையை மிகவும் குறைத்தால் தந்தி தொளதொளவென்று பலகையில் மோதும். ஆகவே நீளத்தைக் கொஞ்சம் கூட்டினார்கள். சாதாரணக் கிட்டாரில் சுமார் 65 சென்டிமீட்டராக இருக்கும் தந்தி, பேஸ் கிட்டாரில் 86 சென்டிமீட்டர் ஆனது. மீதி வேலையை நிறை பார்த்துக்கொள்கிறது: எஃகுத் தந்தியின் மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றிக் கனப்படுத்துகிறார்கள்.

இந்த உத்தி நமக்குப் புதிதல்ல. மயிலாப்பூரில் ஒரு கச்சேரி தொடங்கும் முன் மிருதங்க வித்துவானைக் கவனியுங்கள். இடப்பக்கத் தோலின் நடுவில் ரவையைப் பிசைந்து அப்புகிறார். தோலின் நிறை கூடுகிறது, சுருதி இறங்குகிறது. வலப்பக்கத்தில் உள்ள கரணை என்னும் கறுப்புப் பூச்சும் தோலுக்கு நிறையைச் சேர்ப்பதே. அது தோலின் மேற்சுரங்களை ஒழுங்குபடுத்தி இனிமை தருகிறது என்பதை விளக்கி, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. இராமன் 1920ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் எழுதினார்.

மேலை இசையில் தாழ்ந்த சுரங்களுக்கு ஆள் உயரத்தையும் மிஞ்சிய டபுள் பேஸ் என்ற கருவி பயன்பட்டது. 1930களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர், தோளில் மாட்டி வாசிக்கும் மின்சார பேஸ் கிட்டாரைச் செய்தார். 1951இல் லியோ ஃபெண்டரின் 'பிரிசிஷன் பேஸ்' வந்த பிறகே இக்கருவி உலகெங்கும் பரவியது. வீணையில் மெட்டுகள் இருப்பதுபோல இதிலும் மெட்டுகள் உண்டு. விரலை வைத்தால் சுரம் துல்லியமாக விழும். 'பிரிசிஷன்' என்ற பெயருக்குக் காரணம் அதுதான்.

முதல் கேள்வி: எதை வாங்குவது?

தந்திகளுக்கு அடியில் பிக்கப் என்ற பாகம் இருக்கிறது. இது காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச்சுருளும் சேர்ந்தது. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது; சுருளில் சிறு மின்னோட்டம் எழுகிறது. 1831இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல் இதுவே. அந்தச் சின்னஞ்சிறு மின்குறியை ஆம்ப்ளிபையர் பெருக்கி, ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது.

இங்கேதான் தாழ்ந்த சுரத்தின் தொல்லை தொடங்குகிறது. முதலாவது, நம் காது. 1,000 ஹெர்ட்ஸ் ஒலி மிக மெல்லியதாக இருந்தாலும் நமக்குக் கேட்கும். 40 ஹெர்ட்ஸ் ஒலியோ சுமார் 50 டெசிபலைத் தொட்ட பிறகுதான் கேட்கவே தொடங்குகிறது. இரண்டாவது, காற்று. அதிர்வெண் பாதியாகும்போது, அதே ஒலி அழுத்தத்தைத் தர ஒலிபெருக்கியின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும்.

கைப்பேசிக்குள் இருக்கும் கூம்பு நகத்தளவுதான். 41 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பும் அளவுக்குக் காற்றைத் தள்ள அதனால் இயலாது. அத்தை மகனின் படத்தில் 'தும்' காணாமல் போனதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

இதிலிருந்து வாங்குபவருக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. சாதாரணக் கிட்டாருக்கான சிறிய ஆம்ப்ளிபையரில் பேஸ் கிட்டாரைச் செருகி ஒலியைக் கூட்டாதீர்கள், கூம்பு கிழிந்துவிடக்கூடும். மற்றொன்று, வாட் எண்ணைக் கண்டு மயங்காதீர்கள். ஒலி நம் காதுக்கு இரு மடங்காகத் தோன்ற, திறன் ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். 100 வாட்டுக்குப் பதில் 200 வாட் வாங்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல்தான்.

ஒலிபெருக்கிக்கு ஏன் பெட்டி வேண்டும் என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பழைய வானொலியிலிருந்து கழற்றிய ஒலிபெருக்கியைப் பெட்டியில்லாமல் ஒலிக்கச் செய்யுங்கள். ஒலி மெலிந்து கீச்சென்றிருக்கும். பிறகு பெரிய அட்டையில் கூம்பின் அளவுக்குத் துளையிட்டு, அதன் பின்னே அதைப் பொருத்துங்கள். உடனே ஒலி கனக்கும். கூம்பு முன்னே காற்றை அழுத்தும்போது பின்னே அழுத்தம் குறைகிறது. தடுப்பு இல்லாவிட்டால் முன்பக்கத்துக் காற்று ஓரத்தைச் சுற்றிப் பின்பக்கம் ஓடி, இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. அட்டை அந்த வழியை மறிக்கிறது.

அப்படியானால் பெரிய பெட்டியைச் சுமந்துகொண்டு பறக்கும் இரயிலில் ஏற வேண்டுமா? வேண்டியதில்லை. பெரும்பாலான மண்டபங்களில் ஒலியமைப்பாளரே பெரிய ஒலிபெருக்கிகளை வைத்திருப்பார். நீங்கள் கொண்டுபோக வேண்டியது நல்ல தந்திகள் பூட்டிய கிட்டார், ஒன்றுக்கு இரண்டாகக் கேபிள்கள், சுருதி பார்க்கும் ட்யூனர், டி.ஐ. பாக்ஸ் என்ற சிறு பெட்டி ஆகியவையே. கேபிள் 6 மீட்டருக்குள் இருக்கட்டும். நீளம் கூடக் கூட மேற்சுரங்கள் மங்கும். அதற்கு மேல் தூரம் போக வேண்டுமானால் டி.ஐ. பாக்ஸ் உதவும். அது மின்குறியை இரு கம்பிகளில் ஒன்றுக்கொன்று எதிராக அனுப்புகிறது. வழியில் சேரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி சேரும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இரைச்சல் மறைந்து இசை மட்டும் நிற்கும்.

இரண்டாம் கேள்வி: எங்கே நிற்பது?

சென்னையின் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் செல்கிறது. இதை 41 ஆல் வகுத்துப் பாருங்கள். தாழ்ந்த தந்தியின் அலைநீளம் எட்டரை மீட்டர் வருகிறது! இவ்வளவு நீண்ட அலை தூணுக்கும் கதவுக்கும் நிற்காது, வளைந்து சென்றுவிடும். சுவரும் உயர்ந்த சுரங்களைத் தடுக்கும் அளவுக்குத் தாழ்ந்த சுரங்களைத் தடுப்பதில்லை. பந்தி வரை வந்த 'தும்' ஒலியின் இரகசியம் இதுவே.

இந்த நீண்ட அலை அறைக்குள் வேறொரு வேலையும் செய்கிறது. அடையாற்றில் ஒரு குடியிருப்பில் மூன்றரை மீட்டர் நீளமுள்ள அறையில் நீங்கள் பயிற்சி செய்வதாகக் கொள்வோம். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே அரை அலைநீளம் சரியாகப் பொருந்தும் அதிர்வெண் சுமார் 50 ஹெர்ட்ஸ். தாழ்ந்த தந்தியின் மூன்றாவது மெட்டில் பிறக்கும் சுரம் 49 ஹெர்ட்ஸ். ஆகவே அந்த ஒரு சுரம் மட்டும் ஒத்ததிர்வு பெற்று உறுமும். சுவரோரம் நிற்பவருக்கு அது காதை அடைக்கும்; அறை நடுவில் நிற்பவருக்கு அது கேட்கவே கேட்காது. கருவியில் கோளாறு என்று கடைக்கு ஓடாதீர்கள். அது அறையின் குணம்.

இதை உணரக் குளியலறையே போதும். கதவை மூடிக்கொண்டு, தாழ்ந்த குரலில் 'ம்' என்று முனகி, சுருதியை மெல்ல மேலே ஏற்றுங்கள். ஓரிடத்தில் அறையே உங்களுடன் சேர்ந்து பாடும்.

மேடையில் செய்ய வேண்டியது இது: பெட்டியை மூலையில் திணிக்காதீர்கள், அங்கே உறுமல் அதிகமாகும். ஒத்திகையின்போது கூடத்தின் நடுவிலும் கடைசி வரிசையிலும் போய்க் கேளுங்கள். உறுமினால் தாழ்சுரக் குமிழைக் குறைத்து, நடுச்சுரக் குமிழைச் சற்று ஏற்றுங்கள். தந்தியிலிருந்து 41 ஹெர்ட்ஸுடன் 82, 123, 164 ஹெர்ட்ஸ் மேற்சுரங்களும் வருகின்றன. இவை தெளிவாகக் கேட்டால், அடிச்சுரம் மங்கியிருந்தாலும் நம் மூளை அதை இட்டு நிரப்பிக்கொள்ளும்.

காதையும் காத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது ஒரு கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு எவ்வளவு நேரம் என்று நீங்களே கணக்கிடுங்கள். கால் மணி நேரம்தான்! காதடைப்பான் விலை குறைவு. கெட்ட காது திரும்ப வராது.

மூன்றாம் கேள்வி: எதைச் செய்யவே கூடாது?

மேடையில் 'ம்ம்ம்' என்று விடாத ஓர் இரைச்சலைக் கேட்டிருப்பீர்கள். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்ட மாறுமின்னோட்டம். அதன் காந்தப் புலம் பிக்கப் சுருளிலும் கேபிளிலும் நுழைந்து 50, 100 ஹெர்ட்ஸ் இரைச்சலாகிறது. வடிகட்டி வைத்து நீக்கலாமே என்பீர்கள். முடியாது. மூன்றாவது மெட்டின் சுரம் 49 ஹெர்ட்ஸ். மேல் தந்தியின் சுரம் 98 ஹெர்ட்ஸ். இரைச்சலை வெட்டினால் இசையும் சேர்ந்து வெட்டுப்படும்!

இந்த நிலையில் சிலர் ஒரு குறுக்கு வழி காண்கிறார்கள். ஆம்ப்ளிபையரின் மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை உடைத்துவிடுகிறார்கள். அல்லது இரண்டு பின் பிளக்கை மாட்டிவிடுகிறார்கள். இரைச்சலும் சில நேரம் நின்றுவிடுகிறது. ஆனால் அந்தப் பின் எர்த் எனப்படும் புவி இணைப்பு. மற்ற இரண்டையும் விட அது ஏன் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கிறது? மின்சாரம் நுழையும் முன்பே புவியுடன் இணைப்பு ஏற்பட வேண்டும் என்பதற்காகத்தான்.

கிட்டார்த் தந்திகள் கேபிளின் உறை வழியாக ஆம்ப்ளிபையரின் உலோகக் கூட்டுடன் இணைந்துள்ளன. உள்ளே ஒரு கம்பி தளர்ந்து கூட்டைத் தொட்டால், புவி இணைப்பு இருக்கும்போது பெருமின்னோட்டம் புவிக்குப் பாய்ந்து ஃபியூஸ் எரிந்துவிடும். இணைப்பு இல்லாவிட்டால் 230 வோல்ட் உங்கள் விரல் பட்ட தந்தியில் காத்திருக்கும். வியர்த்த கையோடு தந்தியைப் பிடித்துக்கொண்டு, புவி இணைப்புள்ள ஒலிவாங்கியில் உதடு பட்டால், மின்சாரம் உங்கள் உடல் வழியே, இதயத்தைக் கடந்து பாயும். அப்போது 5 ஆம்பியர் ஃபியூஸ் உங்களைக் காக்காது. உயிரைப் பறிக்க ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும்.

1972 மே 3ஆம் நாள், வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில் 'ஸ்டோன் த குரோஸ்' என்ற குழுவின் கிட்டார்க் கலைஞர் லெஸ் ஹார்வி, மேடையில் ஒலிவாங்கியைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார். அவருக்கு வயது 27.

இரைச்சலை நீக்க நேர்வழிகள் உள்ளன. மேடையில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் புவி இணைப்புள்ள ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள். வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்தால் புவிக் கம்பிகள் ஒரு வளையமாகி இரைச்சலை வாங்கும். டி.ஐ. பாக்ஸில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்ற பொத்தான் இருக்கும், அதை அழுத்தலாம். அது இசைக் கேபிளின் உறையை மட்டுமே துண்டிக்கும். பிளக்கின் புவி இணைப்பைத் தொடாது. ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றிய இரு சுருள்கள் கொண்ட ஹம்பக்கர் வகைப் பிக்கப்பும் இரைச்சலைத் தானே அழித்துக்கொள்ளும்.

நிகழ்ச்சிக்கு முன் மண்டபத்து எலெக்ட்ரீஷியனிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "அண்ணே, இந்த சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா? 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா?" பிறகு, தந்திக்கும் ஒலிவாங்கியின் உலோகத்துக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முள் சுழிக்கு அருகிலேயே நிற்க வேண்டும். ஏறினால், யார் அவசரப்படுத்தினாலும் வாசிக்காதீர்கள். பிளக்கையோ ஆம்ப்ளிபையரையோ நீங்களே திறக்கவும் வேண்டாம்.

அடுத்த கல்யாணத்தில் பந்தி முடிந்ததும் நேரே மாடிக்குப் போங்கள். பின்வரிசையில் நிற்பவரின் விரல்களைப் பாருங்கள். பிறகு, அவருடைய ஆம்ப்ளிபையரின் கம்பி சுவரைத் தொடும் இடத்தையும் பாருங்கள். அங்கே மூன்று பின்களும் இருக்கின்றனவா?