நம் திடலின் லோட் எண் என்ன?

உங்கள் தாமானில் உள்ள விளையாட்டுத் திடல் யாருடையது? முன்பு என்னிடம் கேட்டிருந்தால், "அரசாங்கத்துடையது" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். தொழிற்பயிற்சிக்காக ஒரு நகராண்மைக் கழகத்தில் சில வாரங்கள் இருந்த பிறகுதான் விடை அவ்வளவு எளிதன்று எனப் புரிந்தது.

திடல், சமூக மண்டபம், தெருவிளக்கு, கால்வாய் எனக் கழகத்தின் சொத்துகள் பல. ஒவ்வொரு பிரிவும் தனித்தனிப் பதிவேடு வைத்திருந்தது. மாலையில் பிள்ளைகள் தமிழ் படிக்கும் மண்டபம் ஒன்று, ஒரு பதிவேட்டில் தாமான் பெயரிலும் மற்றொன்றில் சாலைப் பெயரிலும் இருந்தது. கூரை ஒழுகியபோது ஒரு பிரிவு மற்றதைக் கைகாட்டியது. மழை மட்டும் காத்திருக்கவில்லை.

இங்குதான் புவியியல் தகவல் முறை, அதாவது ஜி.ஐ.எஸ்., கைகொடுக்கிறது. இது வெறும் வரைபடம் அன்று. நில எல்லை, கட்டடம், சாலை, கால்வாய் ஆகியவை தனித்தனி அடுக்குகள். ஒவ்வொரு நிலத்துக்கும் மாநிலம், மாவட்டம், முக்கிம், லோட் எண் ஆகியவை சேர்ந்த அடையாளக் குறியீடு உண்டு. அதைக் கொண்டே பதிவேடும் படமும் இணைகின்றன. இரண்டு பதிவேடுகளையும் படத்தில் ஏற்றினோம்; இரண்டு புள்ளிகளும் ஒரே கூரையின்மேல் விழுந்தன! பதிவு ஒன்றானது, பழுதுபார்க்கும் பொறுப்பும் ஒரு பிரிவுக்கு வந்தது.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. நில அளவைப் படங்கள் நெடுங்காலம் காசினி முறையில் வரையப்பட்டவை. அதன் தொடக்கப் புள்ளி எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றன்று. தீபகற்பம் முழுவதற்குமான படங்கள் ஆர்.எஸ்.ஓ. முறையில் அமைந்தவை. 2003-இல் ஜி.டி.எம். 2000 என்னும் புதிய அளவை அடிப்படையும் அறிமுகமானது. இவற்றை முறைப்படி மாற்றாமல் அடுக்கினால், திடல் பக்கத்து வீட்டுக்குள் நிற்கும்!

இன்னொரு பயன் மதிப்பீட்டு வரி. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டப்படி, ஐந்தாண்டுக்கு ஒருமுறையோ மாநில அரசு நீட்டிக்கும் காலத்துக்குள்ளோ புதிய மதிப்பீட்டுப் பட்டியல் தயாராக வேண்டும். கட்டட அடுக்கைப் பட்டியலோடு ஒப்பிட்டால் விடுபட்டவை தெரியும்.

நண்பர்களே, திடல் பொதுப் பயனுக்கென ஒதுக்கப்பட்டிருந்தால், 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்கீழ் அது அரசிதழில் வெளியாகியிருக்கும். நம் திடல், மண்டபம், கோயில், தமிழ்ப்பள்ளி ஆகியவை எந்த லோட்டில் நிற்கின்றன என்பதை இன்றே கேட்டறிவோம். சிக்கல் வந்தபின் தேடுவதைவிட, முன்பே அறிந்து வைப்பது மேல்.