தவறிய எறிகளும் தளராத முயற்சியும்

வெற்றி பெற்றோர் யாவரும் குறைவற ஆடினர் என்று கருதுதல் கூடாது. ஆட்டத்திறன் எல்லா நாளிலும் ஒரே அளவில் நில்லாது. கை தவறும் நாளில் ஒரு குழு செய்யத்தக்கது யாது என்பதை, 2010ஆம் ஆண்டு சூன் 17ஆம் நாள் அமெரிக்க நாட்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடைபெற்ற கூடைப்பந்துப் போட்டி ஒன்று நன்கு விளக்கும்.

அந்நாட்டின் தொழில்முறைக் குழுக்களுள் தலைமைப் பட்டம் பெற, இறுதிச் சுற்றின் ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்லுதல் வேண்டும். அவ்வாண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் குழுவும் பாஸ்டன் செல்டிக்ஸ் குழுவும் மும்மூன்று ஆட்டங்களை வென்றிருந்தன. எனவே, ஏழாம் ஆட்டமே பட்டத்தை முடிவு செய்வதாயிற்று.

தொடக்கம் முதலே லேக்கர்ஸ் குழுவினரின் எறிகள் குறி தவறின. முதற் கால்பகுதியின் முடிவில் அவர்கள் 14 புள்ளிகளும் பாஸ்டன் குழுவினர் 23 புள்ளிகளும் பெற்றிருந்தனர். மூன்றாம் கால்பகுதியில் இவ்வேற்றுமை 13 புள்ளிகளாக வளர்ந்தது. குழுவின் தலைசிறந்த வீரரான கோபி பிரையன்ட், அன்று கூடையை நோக்கி எறிந்த 24 எறிகளுள் ஆறே கூடையில் விழுந்தன.

ஆயினும், இறுதியில் லேக்கர்ஸ் குழு 83-79 என்னும் புள்ளிக் கணக்கில் வென்றது. இஃது எவ்வாறு இயன்றது? ஆட்டக் கணக்கே விடை கூறும். பாஸ்டன் குழு 71 முறை எறிந்து 29 கூடைகளைப் பெற்றது. லேக்கர்ஸ் குழு 83 முறை எறிந்தும் 27 கூடைகளையே பெற்றது. பன்னிரண்டு எறிகள் மிகுதியாகக் கிடைத்ததற்குக் காரணம் உண்டு. தம் குழுவினரின் எறி தவறி வளையத்திலோ பலகையிலோ பட்டு மீண்ட பந்தை லேக்கர்ஸ் வீரர்கள் 23 முறை கைப்பற்றினர். பாஸ்டன் வீரர்களோ எட்டு முறையே அவ்வாறு செய்தனர். இரு பக்கக் கூடைகளிலும் மீண்ட பந்துகளுள் பாவ் கசோல் 18ஐயும், எறிவதில் தடுமாறிய பிரையன்ட் 15ஐயும் பற்றினர். பாஸ்டன் குழுவின் நெடிய வீரர் கெண்ட்ரிக் பெர்க்கின்ஸ் ஆறாம் ஆட்டத்தில் முழங்காலில் காயமுற்று அன்று ஆட இயலாமற் போனதும் இதற்குத் துணையாயிற்று.

எதிரணியின் விதிமீறலுக்காக அளிக்கப்படும் தனி எறிகளும் லேக்கர்ஸ் குழுவுக்கு 37 கிடைத்தன. அவற்றுள் 25 கூடையில் விழுந்தன. பாஸ்டன் குழுவுக்குக் கிடைத்தவை 17. அவற்றுள் 15 விழுந்தன. இங்கும் எறிதிறனில் பாஸ்டனே சிறந்தது; வாய்ப்பில் லேக்கர்ஸ் மிஞ்சியது.

ஆட்டம் முடிய ஏறத்தாழ ஒரு நிமிடம் இருந்தபோது, ரான் ஆர்ட்டெஸ்ட் தொலைவிலிருந்து எறிந்து மூன்று புள்ளிகள் பெற்றார். பாஸ்டன் வீரர்களும் அவ்வாறே இருமுறை எறிந்து, வேற்றுமையை இரண்டு புள்ளிகளாகக் குறைத்தனர். அந்நிலையில், மாற்று வீரரான சாஷா வூயாசிச் இரு தனி எறிகளையும் தவறாது கூடையில் இட்டு வெற்றியை உறுதிப்படுத்தினார்.

குறி தவறாது எறியும் திறம் ஒருநாள் கைவிடக்கூடும். தவறிய பந்தை நோக்கி மீண்டும் பாய்வது எந்நாளும் ஒருவர் தம் முயற்சியிலேயே உள்ளது. அன்று லேக்கர்ஸ் குழுவைக் காத்தது அம்முயற்சியே ஆகும்.