காப்பிக்காசும் முறுக்கு டின்னும்: ஊராட்சி ஊழியர் நடத்தை விதிகளை எப்படிப் படிப்பது?

ஆசிரியர்களே, எஸ்.டி.பி.எம். எழுதவிருக்கும் தம்பி தங்கைகளே, முதலில் ஒரு சூழல். கற்பனைதான், ஆனால் பகாவ் பக்கம் இருப்பவர்களுக்குப் புதிதாகத் தெரியாது.

தீபாவளி நெருங்குகிறது. தோட்டத்து அம்மா ஒருவர், பட்டணத்தில் பலகாரக் கடை போட நகராண்மைக் கழகத்தில் தற்காலிக லைசன்ஸ் கேட்கிறார். இடம் கொஞ்சம், மனுக்கள் அதிகம். மனுக்களைப் பார்க்கும் ஊழியர் அதே தோட்டத்தில் வளர்ந்த பையன். அவருடைய சொந்த அக்காவும் மனுப் போட்டிருக்கிறார். இருவருக்கும் லைசன்ஸ் கிடைத்துவிட்டது. மறுநாள் அந்த அம்மா ஒரு டின் முறுக்கோடு வந்து, "வச்சுக்கய்யா, நம்ம வீட்டுப் பலகாரம்" என்கிறார். ஊழியர் எங்கே தவறினார்? தவறவே இல்லையா?

வகுப்பில் இதைக் கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "நேர்மையா இருக்கணும், லஞ்சம் வாங்கக் கூடாது." சரிதான். ஆனால் அது பதில் ஆகாது. "நேர்மை" என்ற பொதுச் சொல்லை, இதைச் செய்யாதே, இதை எழுதிக் கொடு என்று பிரித்துச் சொல்வதுதான் நடத்தை விதியின் வேலை. விதி புதுப்பிக்கப்படும்போதும் இந்தப் பிரிப்புதான் கூடுகிறது.

நம் நாட்டில் இதற்கு அடிப்படை 1993-ஆம் ஆண்டின் பொதுச் சேவை அதிகாரிகள் (நடத்தை, கட்டொழுங்கு) விதிகள். அதற்கு முன் 1980-ன் பெரிந்தா ஆம் 'டி' அத்தியாயம் இருந்தது. 1993 விதிகள் அரசமைப்புச் சட்டத்தின் 132-ஆவது பிரிவின்கீழ் பிறந்தவை. அந்தப் பிரிவு பொதுச் சேவைகளைப் பட்டியலிடுகிறது. கல்விச் சேவை அதில் உண்டு, ஆகவே ஆசிரியர்களாகிய நாமும் உண்டு. ஊராட்சி மன்ற ஊழியர் அந்தப் பட்டியலில் இல்லை! அவர்களுக்கு 1976-ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டமே (அக்தா 171) அடித்தளம். அதன்படி மன்றங்கள் மாநில அரசின் ஒப்புதலோடு தங்கள் ஊழியர்களுக்கான விதிகளை வகுத்துக்கொள்கின்றன. வாசகங்கள் பெரும்பாலும் 1993 விதிகளின் சாயல்தான். மாணவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. இன்னொன்று: கவுன்சிலர் வேறு, ஊழியர் வேறு. கவுன்சிலர் மாநில அரசால் நியமிக்கப்படுபவர். இந்த விதி ஊழியருக்கானது.

சரி, முறுக்குக்கு வருவோம்.

முதல் சிக்கல் முறுக்கே இல்லை, அக்காவின் மனு. 1993 விதிகளின் 4-ஆவது விதி, சொந்த நலனுக்குக் கீழே பொதுக் கடமையை வைக்காதே என்கிறது. அதோடு நிற்காமல், சொந்த நலனும் கடமையும் மோதக்கூடிய வகையில் நடந்துகொள்ளாதே என்றும் சொல்கிறது. 'மோதக்கூடிய' என்ற சொல்லைக் கவனியுங்கள். அக்காவின் தாள்கள் எல்லாம் சரியாக இருக்கலாம். தம்பி சலுகையே காட்டாமலும் இருக்கலாம். ஆனாலும் அந்த மனுவை அவர் கையில் எடுத்ததே தப்பு. "இவங்க என் அக்கா, வேற ஒருத்தர் பாக்கட்டும்" என்று மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். இடம் கிடைக்காமல் போன மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார் இல்லையா? அவருக்காகத்தான் இந்த வாசகம்.

இரண்டாவது, பரிசு. இங்கே பலர் 1998-ஆம் ஆண்டின் மூன்றாம் சேவைச் சுற்றறிக்கையை நினைவில் வைத்து, "500 வெள்ளிக்குக் கீழேதானே, பரவாயில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். மாதச் சம்பளத்தில் கால் பங்கு அல்லது 500 ரிங்கிட், எது குறைவோ அது என்பது அறிக்கை கொடுப்பதற்கான எல்லை. கடமையோடு தொடர்புள்ள பரிசுக்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது. 8-ஆவது விதி, நேரடியாகவோ மறைமுகமாகவோ கடமையோடு தொடர்புள்ள எந்தப் பரிசையும் வாங்கக் கூடாது என்கிறது. மனைவி, கணவர் வழியாகவும் கூடாது. அந்த டின் பத்து வெள்ளி பெறுமானாலும் லைசன்ஸ் கிடைத்ததற்காகத்தானே வந்தது!

மறுத்தால் அந்த அம்மாவின் முகம் வாடும். விதியை எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. மறுக்க முடியாத சூழலில் வாங்கிக்கொண்டு, கூடிய சீக்கிரம் துறைத் தலைவருக்கு எழுத்தில் அறிவிக்கலாம். வைத்துக்கொள்வதா, திருப்பித் தருவதா என்பதை அவர் முடிவு செய்வார். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். நம்ம ஊர் மரியாதைக்கும் இடம் விட்டிருக்கிறது.

புதுப்பிப்பு என்றால் என்ன என்பதற்கு 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் நல்ல சான்று. பாலியல் தொல்லை அப்போதுதான் 4ஏ என்று தனி விதியாக வந்தது. அதற்கு முன்பும் அது தவறுதான். ஆனால் "சேவைக்கு அவப்பெயர்" போன்ற பொது வாசகத்துக்குள் அடைத்துத்தான் புகார் செய்ய வேண்டும். பெயர் வந்தபின் புகார் செய்பவருக்குப் பிடி கிடைத்தது.

2009-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் (அக்தா 694) தனி. அது குற்றவியல் சட்டம், ஊராட்சி மன்ற ஊழியரையும் கட்டுப்படுத்தும். அதன் 25-ஆவது பிரிவின்படி, லஞ்சம் நீட்டப்பட்டதை அறிவிக்காத அதிகாரிக்கு 100,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அது பொதுமக்களையும் விடவில்லை. ஊழியர் "காப்பிக்காசு" கேட்டால், கேட்கப்பட்டவரும் அறிவிக்க வேண்டும். தகுந்த காரணமின்றி அறிவிக்காவிட்டால் 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தோட்டத்துப் பெற்றோருக்கு இதை யாராவது சொல்லியிருக்கிறோமா?

தண்டனைகள் எச்சரிக்கையில் தொடங்கிப் பணிநீக்கம் வரை போகும். ஆனால் பணிநீக்கம், பதவியிறக்கம் இரண்டுக்கும் முன் ஊழியரின் பேச்சைக் கேட்டாக வேண்டும். பொதுச் சேவையினருக்கு இது அரசமைப்பின் 135(2) தரும் உரிமை. 1993 விதிகளின்படி குற்றச்சாட்டு எழுத்தில் வரும், பதில் எழுத 21 நாள் உண்டு. 132-ஆவது பிரிவின் பட்டியலில் இல்லாத ஊராட்சி ஊழியர், தன் மன்றத்தின் விதிகளையும் இயற்கை நீதியையும்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். மன்ற விதி தெளிவாக எழுதப்பட்டிருப்பது அவருக்கும் பாதுகாப்பு.

வகுப்பில் இப்படிச் செய்து பாருங்கள். ஒரு குழு முறுக்கு டின் விவகாரத்தில் குற்றச்சாட்டை எழுதட்டும், எந்த விதி, எந்தச் செயல் என்று குறிப்பிட்டு. இன்னொரு குழு ஊழியர் தரப்புப் பதிலை எழுதட்டும். இடம் கிடைக்காத அந்த மூன்றாவது ஆளாக ஒரு மாணவர் உட்கார்ந்து இரண்டையும் வாசிக்கட்டும்.