'ஃபிரீ' என்னும் ஒரு சொல்

ஆங்கிலத்திலே 'ஃபிரீ' என்று ஒரு சொல் உண்டு. மிகச் சிறிய சொல். ஆயினும் அதைப் பிரெஞ்சு மொழியில் பெயர்க்கப் புகுவோர், "எந்த ஃபிரீ?" என்று முதலில் கேட்டாக வேண்டும்.

சிறையினின்று விடுபட்டவன் 'லீப்ர்'. விலையின்றிக் கிடைக்கும் பொருள் 'கிராத்துயி'. ஆள் அமராத நாற்காலியும் 'லீப்ர்'தான். சர்க்கரை சேராத பானத்திற்கோ இவ்விரண்டும் பொருந்தா. 'சான் சூக்ர்', அதாவது சர்க்கரை இன்றி, என்றே சொல்லவேண்டும். கால்பந்தாட்டத்தில் எதிரணியின் தவறுக்கு ஈடாகக் கிடைக்கும் 'ஃபிரீ கிக்', 'கூ ஃபிரான்' ஆகிறது. இந்த 'ஃபிரான்' சுவையான சொல். பண்டைக் காலத்தில் கால் நாட்டை வென்று ஆண்ட ஃபிராங்கு இனத்தாரின் பெயரே, முழு உரிமை படைத்தவர் என்ற பொருளையும் பெற்றுவிட்டது!

இவையெல்லாம் அகராதிக்காரர் கவலை என்று நீங்கள் எண்ணலாம். நான் அப்படிக் கருதவில்லை. 1983-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் ஒரு மென்பொருள் திட்டத்தை அறிவித்தார். நிரலை எவரும் இயக்கலாம், அதன் உள்ளமைப்பைக் கற்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம் என்பது அவருடைய இயக்கத்தின் கொள்கை. விலைக்கு விற்பதற்கும் அதில் தடையில்லை. ஆனால் 'ஃபிரீ சாஃப்ட்வேர்' என்ற பெயரைக் கேட்ட பலர், காசில்லாமல் கிடைப்பது என்றே பொருள் கொண்டனர். 1998-இல் சிலர் 'ஓப்பன் சோர்ஸ்' என்னும் புதுப் பெயரைக் கொண்டுவந்ததற்கு இக்குழப்பமும் ஒரு காரணம். பிரெஞ்சுக்காரருக்கு இத்தொல்லை இல்லை. அவர்கள் அதனை 'லோஜிசியேல் லீப்ர்' என்றனர். காசு வாங்காமல் தந்து, உள்ளமைப்பை மட்டும் பூட்டி வைத்திருக்கும் நிரல் அவர்களுக்கு 'கிராத்துயி', 'லீப்ர்' அன்று. தமிழிலும் 'இலவசம்' வேறு, 'விடுதலை' வேறு அல்லவா? நம் கணினித் தமிழர் இதனைக் 'கட்டற்ற மென்பொருள்' என்று வழங்குவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பிரெஞ்சு மொழி குற்றமே அற்றது என்று எண்ணிவிடாதீர்கள். கடைவாசலில் 'ஆந்த்ரே லீப்ர்' என்று எழுதியிருந்தால், வாங்கவேண்டிய கட்டாயமின்றி உள்ளே வரலாம் என்பது கருத்து. இசையரங்கின் வாசலில் அதே தொடர் பெரும்பாலும் கட்டணமில்லை என்றே பொருள்படும்.

இருப்பினும் ஆங்கிலம் பேசுவோரே இப்போது 'லீப்ர்' என்பதைக் கடன் வாங்கத் தொடங்கிவிட்டனர். 2010-இல் தோன்றிய அலுவலக மென்பொருள் தொகுப்பு ஒன்றுக்கு 'லிப்ரே ஆபீஸ்' என்றே பெயர்.